பல் டாக்டரிடமிருந்து நேராக பாருக்கு

ஷட்டர் முழங்கால் உயரத்தில் நின்றது.

"உள்ளே போகலாம். ஆனா வெளியே விட மாட்டோம். யோசிச்சுக்குங்க" என்றார் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள்.

"என் கல்யாணத்தன்னைக்கு இப்படி வாசல்ல நின்னு சொல்ல ஒரு ஆள் இல்லாம போச்சே!" என்றான் கொழுந்தன்.

அண்ணி சிரிக்கவில்லை. ஷட்டரை இன்னும் ஓரடி தூக்கச் சொல்லி, கைப்பையை அணைத்துக்கொண்டு குனிந்து நுழைந்தாள். பின்னால் வந்த கொழுந்தனின் வயிறு ஷட்டரின் விளிம்பில் உரசியது. சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து, சிமெண்டுத் தரையில் உருண்டு ஓடியது.

"பாருங்க அண்ணி, எனக்கு முன்னாடி என் பொத்தான் விசாரணைக்குப் போயிடுச்சு."

அவன் முதுகுக்குப் பின்னால் ஷட்டர் தடதடவென்று தரைவரை இறங்கியது.

அந்த பாருக்கு நேர் மேலே, மாடியில்தான் அண்ணியின் துப்பறியும் அலுவலகம். இருபத்திரண்டு வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் எரிந்த கடைகளையும் காணாமல் போன லாரிகளையும் விசாரித்துவிட்டு, ஓய்வு பெற்றதும் சொந்தமாகப் பலகை மாட்டியவள். கணவரின் தம்பி அவளுக்கு உதவியாளன். அவன் வாய் ஓயாமல் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டதில் தெருவுக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். பத்து நிமிடத்துக்கு முன்னால் வெளியூரில் இருந்த பார் முதலாளி போன் செய்து, "தங்கச்சியைப் பிடிச்சிட்டுப் போகப்போறாங்க. நீங்கதான் பார்க்கணும்" என்று கெஞ்சியிருந்தார்.

உள்ளே காற்றே இல்லை. ரயில் பெட்டி போல் நீண்ட, குறுகலான அறை. ஜன்னல் கிடையாது. பின்கதவை மறைத்துக் காலிப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. எப்போதும் சுற்றும் புகைபோக்கி விசிறியையும் யாரோ நிறுத்தியிருந்தார்கள். மணி நாலு ஐம்பது. வெளியே நல்ல வெயில் அடிக்கிறது என்பதற்கு ஷட்டரின் கீழ் ஒரு வெள்ளைக் கோடு மட்டுமே சாட்சி.

கவுண்டருக்குப் பின்னால் ஒரு முக்காலியில் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். மூன்று வருடமாக இங்கே கிளாஸில் ஊற்றிக் கொடுப்பது அவள்தான். வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் தங்கச்சி. இப்போது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சியை எனக்குத் தெரியும். என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள் அண்ணி.

இன்ஸ்பெக்டர் தொப்பியால் விசிறிக்கொண்டார். "விழுந்தவர் பூட்டுக்காரர். தெருமுனையில பூட்டு ரிப்பேர் கடை. இருபது வருஷமா இந்த பார்தான், அந்த மேஜைதான். இன்னிக்குப் பல் டாக்டர்கிட்ட போயிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாம நேரா இங்க வந்திருக்கார். ஒரே ஒரு கிளாஸ் குடிச்சார். பத்து நிமிஷத்துல மூஞ்சி செங்கல் மாதிரி சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சைப் பிடிச்சிட்டு விழுந்துட்டார். இப்போ ஆஸ்பத்திரியில பேச்சு மூச்சில்ல. ரத்த அழுத்தம் இறங்கிட்டே போகுதாம். உள்ள என்ன போச்சுன்னு தெரியாம நான் எதுக்கு வைத்தியம் பண்றதுன்னு டாக்டர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார்."

"தங்கச்சி மேல ஏன் சந்தேகம்?"

இன்ஸ்பெக்டர் கவுண்டரைக் காட்டினார். அங்கே முத்திரை வைத்த பிளாஸ்டிக் பையில், லேபிள் கிழித்த ஒரு பாட்டில் இருந்தது. அதில் பாதிக்குப் பழுப்பு நிறத்தில் ஏதோ திரவம். "கவுண்டருக்கு அடியில, துணிக்குப் பின்னால மறைச்சு வச்சிருந்தா. கேட்டா டீயாம். பார்ல டீ! பரிசோதனைக்கு அனுப்பினா நாளைக்குத்தான் பதில் வரும். அதுவரைக்கும் அந்த மனுஷன் உயிரோட இருக்கணுமே. பெண் போலீசோட வண்டி அஞ்சரைக்கு வரும். வந்ததும் இவளைக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

அண்ணி தங்கச்சியின் பக்கம் திரும்பினாள். "அவருக்கு என்ன கொடுத்தே?"

"எப்பவும் கொடுக்கறதைத்தான் கொடுத்தேன் அண்ணி."

"எப்பவும் என்ன கொடுப்பே?"

"எப்பவும் கொடுக்கறதை."

"இப்படியே அரை மணி நேரமா ராட்டினம் சுத்துறா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அந்த டீ யாருக்கு?"

தங்கச்சி பாட்டிலைப் பார்க்காமல் சொன்னாள்: "எனக்கு."

"பால் இல்லாமலா?"

"ஆமா."

அண்ணி கவுண்டரின் மறுகோடியைப் பார்த்தாள். அங்கே ஒரு பீங்கான் கோப்பையில் பால் காப்பி ஆடை படிந்து ஆறிக்கிடந்தது. கோப்பையின் கைப்பிடியில் தங்கச்சியின் தலைமுடி ரப்பர் பேண்ட் மாட்டியிருந்தது. கொழுந்தன் அண்ணியின் காதருகே குனிந்தான்.

"ஒரே ஆளுக்குக் காப்பியும் டீயும். மதியம் தூங்க மாட்டாங்க போலிருக்கு."

"வாயை மூடிட்டு வா."

பூட்டுக்காரரின் மேஜையில் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய மீசைக்காரர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஒல்லியாக, கழுத்தில் அளவு நாடாவோடு இருந்தவர் தையல்காரர். இருவருக்கும் நடுவே பூட்டுக்காரரின் நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தபடியே கிடந்தது. அவருடைய கிளாஸை போலீஸ் எடுத்துப் பையில் போட்டிருந்தது. மற்ற இரண்டு கிளாஸும் அப்படியே இருந்தன. டிரைவருடையதில் பாதி மிச்சம். தையல்காரருடையது காலி.

டிரைவர் பேசும்போதே நாலடி தூரத்துக்கு வாடை வந்தது. "நான் ஒண்ணும் மறைக்க மாட்டேன்மா. அவன் வரும்போதே கன்னம் வீங்கி, வாயில பஞ்சு. ஊசி போட்டுப் பாதி மூஞ்சி மரத்துப்போச்சுன்னு கையாலயே காட்டினான். பேச்சு வரல. நாங்க சிரிச்சோம். கண்ணாடியில மூஞ்சியைப் பார்க்க வாஷ்பேசினுக்குப் போனான், வந்தான். ஒழுகாம இருக்க ஒரு கையால உதட்டைப் பிடிச்சிட்டு, ஒரே மூச்சுல கிளாஸைக் கவுத்தினான். அவன் ஸ்டைலே அதுதான். அப்புறம்..." அவர் விழுந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க?" என்றாள் அண்ணி தையல்காரரிடம்.

"நானும் எப்பவும் போலதான்மா. பெரிய பெக் ஒண்ணு. குடிச்சு முடிச்சேன். வேற ஒண்ணும் தெரியாது."

சொல்லிக்கொண்டே அவருடைய கண் கொழுந்தனின் வயிற்றில் பொத்தான் போன இடத்தில் போய் நின்றது. அந்த இடைவெளியைப் பார்க்க முடியாதவர் போல் முகம் சுளித்தார். காலடியில் கிடந்த பொத்தானை எடுத்தார். சட்டைப்பையிலிருந்து ஊசியும் நூல்கண்டும் வந்தன.

"கிட்ட வாங்க தம்பி. நிக்கற நிலையிலேயே தைச்சிடறேன்."

"டேய், வேண்டாண்டா!" என்று டிரைவர் கத்தினார். "தம்பி, தள்ளிப் போ! ஒரு பெரிசு உள்ள போச்சுன்னா இவனுக்கு ஊசி ரெண்டாத் தெரியும். போன வாரம் என் பேன்ட் ஜிப்பைத் தைக்கிறேன்னு ரெண்டு காலையும் சேர்த்துத் தைச்சிட்டான்!"

"உயிர்நிலைக்கு மேல நாலு விரக்கடை தள்ளித்தான் பொத்தான். பரவாயில்ல" என்று கொழுந்தன் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றான்.

தையல்காரர் நூல் நுனியை நாக்கில் நனைத்து, தலைக்கு மேலிருந்த ஒற்றை பல்பின் பக்கம் ஊசியைத் தூக்கினார். நூல் உள்ளே போனது. நாலு குத்து, ஒரு முடிச்சு, பல்லால் ஒரு கடி. வேலை முடிந்தது.

அண்ணி அதற்குள் மேஜைமேல் கிடந்த ஓர் அட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பல் மருத்துவமனை அட்டை. பின்பக்கம் அச்சிட்டிருந்தது: இரண்டு மணி நேரம் மரத்திருக்கும். சூடாக எதையும் குடிக்க வேண்டாம். உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் கவனமாக இருக்கவும். கீழே போன் நம்பர்.

"இன்ஸ்பெக்டர், இந்த நம்பருக்குப் போடுங்க."

"பல் டாக்டருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ஊசி மருந்தை முதல்லயே விசாரிச்சாச்சு. சாதாரண ஊசிதானாம்."

"மருந்தைக் கேட்டீங்க. நான் கேட்கப்போறது பூட்டுக்காரர் எழுதிக் கொடுத்த படிவத்தை. மனுஷன் பொண்டாட்டிகிட்ட பொய் சொல்வான், சிநேகிதன்கிட்ட சொல்வான், உங்ககிட்ட நிச்சயமா சொல்வான். ஊசியைக் கையில வச்சிட்டு வாயைத் திறன்னு சொல்றவங்ககிட்ட மட்டும் சொல்ல மாட்டான்."

போன் ஒலிபெருக்கியில் அடித்தது. எடுத்த பெண், நோயாளி விவரத்தை வெளியே சொல்ல முடியாது என்றாள். இன்ஸ்பெக்டர் தன் பதவியைச் சொன்னார். அப்போதும் முடியாது என்றாள்.

"அம்மா, அவர் செத்துட்டிருக்கார்" என்றாள் அண்ணி. "தினமும் சாப்பிடற மருந்து எதுன்னு ஒரு கேள்வி இருக்குமே. அதுக்கு என்ன எழுதியிருக்கார்?"

காகிதம் புரளும் சத்தம். பிறகு அந்தக் குரல் இறங்கிப்போயிருந்தது.

"ஒரு மாத்திரை பேர் எழுதியிருக்கார். குடியை விடறவங்களுக்குக் கொடுக்கறது. ஒன்பது மாசமா தினமும் காலையிலன்னு போட்டிருக்கு. அந்த மாத்திரை மேல ஒரு வாய் சாராயம் போனாலும் உடம்பு தாங்காது. பக்கத்துலயே இன்னொண்ணும் எழுதியிருக்கார்... 'தயவுசெய்து இதை மட்டும் சத்தமாப் படிக்காதீங்க'ன்னு."

டிரைவரின் வாய் திறந்தபடி நின்றது.

இன்ஸ்பெக்டர் மாத்திரையின் பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்த நொடியே ஆஸ்பத்திரிக்குப் போட்டார். மாத்திரைப் பெயரைக் கேட்டதும் டாக்டர், "இதைத்தான் ஒரு மணி நேரமாத் தேடறேன்!" என்று கத்தியது எல்லோருக்கும் கேட்டது. இணைப்பு அறுந்தது.

"ஒன்பது மாசமா?" என்றார் டிரைவர். "தினமும் எங்ககூட உட்கார்ந்து குடிச்சானே!"

"டீ குடிச்சார்" என்றாள் அண்ணி. "தங்கச்சி, இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல. சொல்லு."

தங்கச்சி கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்தாள். விரல்கள் வெளுத்திருந்தன.

"குடியை விட்டுடுவேன் தங்கச்சி, இந்த மேஜையை விட முடியாதுன்னார். வீட்டுல யாரும் இல்ல அவருக்கு. டீ குடிக்கிறேன்னு தெரிஞ்சா இவங்க நடுவுல விருந்தாளி ஆயிடுவேன், மரியாதையா பேச ஆரம்பிச்சிடுவாங்கன்னார். யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கினார். தினமும் நானே வீட்டுல போட்டு, ஆற வச்சு எடுத்துட்டு வருவேன். மாத்திரை சாப்பிடறது எனக்கே தெரியாது அண்ணி. தெரிஞ்சிருந்தா டாக்டர்கிட்ட ஓடியிருப்பேன்."

அண்ணி இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். அவர் முகம் இளகவில்லை, முன்னைவிட இறுகியிருந்தது.

"இது இன்னும் மோசம்மா. அவர் குடிக்கறதில்லன்னு இந்த உலகத்துல தெரிஞ்ச ஒரே ஆள் இவதான். ஊத்தினதும் இவதான். அவர் மேல சாராய வாடை அடிச்சது, நானே மோந்தேன். வாய் மரத்திருந்ததால அவருக்கு ருசி தெரியல. அதைப் பார்த்துத்தான் ஊத்தியிருக்கா."

"நான் ஊத்தினது டீ!"

"அப்போ வாடை எங்கிருந்து வந்தது?"

தங்கச்சி பையிலிருந்த பாட்டிலையே பார்த்தாள். அவளைக் காப்பாற்றியிருக்க வேண்டிய உண்மையே அவள் கழுத்தில் சுருக்காக விழுந்திருந்தது. ஷட்டருக்கு அப்பால் ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு சாத்தும் ஓசை. பெண் போலீசின் பூட்ஸ் சத்தம்.

"அண்ணி," கொழுந்தன் முதல் முறையாகக் கிண்டல் இல்லாமல் பேசினான், "பொண்ணைக் காப்பாத்த வந்து நாமளே முடிச்சுப் போட்டுட்டோமே."

"முடிச்சுப் போட்டது நாம இல்ல. உன் பொத்தானைப் பாரு."

அவன் குனிந்து பார்த்தான். "நல்லாத்தான் தைச்சிருக்கார்."

"அதான் தப்பு."

அண்ணி மேஜைக்கு நடந்து, காலியாக இருந்த கிளாஸை வெளிச்சத்தில் தூக்கினாள். அடியில் பழுப்பு வளையம் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. வளையத்தின் ஓரத்தில் எள்ளளவுக்கு ஒரு கருந்தூள். சாராயம் காய்ந்தால் கிளாஸில் வளையம் விழாது. இலைத் தூளும் கிடக்காது.

"தையல்காரரே," என்றாள், "டீ நல்லா இருந்ததா?"

தையல்காரர் கழுத்து நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பெரிய பெக் போட்ட மனுஷன் இந்த மங்கல் வெளிச்சத்துல ஒரே தடவையில நூல் கோர்த்தீங்க. உங்க சிநேகிதர் பதறினாரே, அது சும்மா இல்ல. நீங்க இன்னிக்குக் குடிக்கவே இல்ல. உங்க கிளாஸ் பூட்டுக்காரர் கைக்குப் போச்சு. அவர் கிளாஸ் உங்ககிட்ட வந்துச்சு. அவர் வாஷ்பேசினுக்குப் போன நேரத்துல."

"நான் அப்போ என் பழைய கண்டக்டர் கதையைச் சொல்லிட்டிருந்தேன்..." என்று டிரைவர் முணுமுணுத்தார். "டேய். என்னடா பண்ணின நீ?"

தையல்காரரின் குரல் நூல் போல் வந்தது.

"நேத்து தெரியாம அவன் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடிச்சிட்டேன். டீ. எனக்குப் பத்திட்டு வந்துச்சு. இருபது வருஷ வாடிக்கைக்காரனை இந்தப் பொண்ணு ஏமாத்துதுன்னு நினைச்சேன். அவன் வெள்ளந்தி, ஒரே மூச்சுல கவுத்திடுவான், அவனுக்குத் தெரியலன்னு நினைச்சேன். இன்னிக்கு என் கிளாஸை மாத்தி வச்சா, நிஜ சரக்கு நாக்குல பட்டதும் அவனே சத்தம் போடுவான், ஊர் முன்னாடி இவ குட்டு உடையும்னு..." அவர் முகத்தை மூடிக்கொண்டார். "அவன் வாய் மரத்துப்போயிருந்தது எனக்குத் தோணவே இல்லம்மா. அதைப் பார்த்துத்தானே சிரிச்சேன். அப்பவும் தோணல."

"கண்ணு முன்னாடி விழுந்தாரே. அப்போ ஏன் சொல்லல?"

"என் கிளாஸைக் குடிச்சுத்தான் விழுந்தான். அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது. சொன்னா நான் கொலைகாரன். சொல்லாம இருந்தா... யாராவது கண்டுபிடிச்சிடுவாங்கன்னு உட்கார்ந்திருந்தேன்."

அண்ணி கிளாஸை மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

"அந்த பாட்டில்ல விஷம் இல்லன்னு இந்த ரூம்ல ஒரு மணி நேரமா நிச்சயமாத் தெரிஞ்சவர் ஒரே ஒருத்தர். அதைக் குடிச்சிட்டு நல்லா உட்கார்ந்திருந்தவர். அந்தப் பொண்ணை இன்ஸ்பெக்டர் கேள்வி மேல கேள்வி கேட்டப்போ, நீங்க பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டிருந்தீங்க."

டிரைவர் எழுந்து தன் நாற்காலியை ஓசையுடன் இழுத்து, தையல்காரரைவிட்டு ஓர் ஆள் தூரம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் எடுத்துக் கேட்டார். நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்தார். "ரத்த அழுத்தம் இறங்கறது நின்னு ஏறுதாம். பிழைச்சுக்குவார். இன்னும் கொஞ்ச நேரத்துல கண் முழிப்பார்னு சொல்றாங்க."

கொழுந்தன் பெருமூச்சு விட்டான். புதிதாகத் தைத்த பொத்தான் அதைத் தாங்கியது.

"நீ போகலாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர் தங்கச்சியிடம், அவள் கண்ணைப் பார்க்காமல். "இவர் என்கூட ஸ்டேஷனுக்கு வரணும். வண்டி தயாரா இருக்கு. ஷட்டரைத் தூக்குங்கப்பா!"

ஷட்டர் ஏறியது. சாயங்கால வெயில் மேஜைகளின் கால்வரை பாய்ந்தது. தங்கச்சி கவுண்டரைவிட்டு வெளியே வந்தாள். வீட்டுக்குப் போவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் தையல்காரரின் முன்னால் போய் நின்றாள்.

"சார், இவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. முதல்ல ஆஸ்பத்திரிக்கு."

"எதுக்கும்மா?"

"கண் முழிச்சதும் அவர் முதல்ல என்ன நினைப்பார்? எனக்கு டீ ஊத்தறவ இன்னிக்கு சாராயம் ஊத்திட்டான்னுதானே? ஒன்பது மாசம் ஒருத்தியை நம்பினார். அவளே கொல்லப் பார்த்தாள்னு படுத்துட்டு நினைச்சிட்டிருப்பார். வாயும் மரத்திருக்கு, யார்கிட்டயும் கேட்கக்கூட முடியாது." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "அண்ணே, நான் உங்க மேல புகார் கொடுக்கல. ஒண்ணும் வேண்டாம். நீங்க அவர் கட்டில் பக்கத்துல போய் நில்லுங்க. நான்தான் மாத்தினேன், அந்தப் பொண்ணு கடைசிவரைக்கும் உன் ரகசியத்தை வெளியே விடலன்னு சொல்லுங்க."

தையல்காரர் எழுந்து நின்றார். "அவன் மூஞ்சியில எப்படிம்மா முழிப்பேன்?"

"அது உங்க பாடு. அவர் கண்ணைத் திறக்கறதுக்குள்ள நீங்க அங்க இருக்கணும்."

இன்ஸ்பெக்டர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி தலையசைத்தாள்.

"இன்னும் ஏன் நிக்கறீங்க?" என்று தங்கச்சி கத்தினாள். "ஓடுங்க!"

தையல்காரர் ஓடினார். கழுத்து நாடா நழுவி வாசலில் விழுந்ததைக்கூட எடுக்காமல், பெண் போலீசைத் தாண்டி, யாரும் பிடித்துத் தள்ளாமலே அந்த வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, கதவை உள்ளிருந்து தானே இழுத்துச் சாத்திக்கொண்டார்.